பியூலா வீட்டு வராண்டா

ராஜபாளையத்துக்காரனுக்குக் காற்று என்றால் மேற்கேயிருந்து வருவது. ஆனி பிறந்ததும் மலை இறங்கி வரும். மலையடியில் அய்யனார் கோவில் பக்கம் சாரல் விழுந்திருந்தால் குளிர்ச்சியாக வரும், இல்லையென்றால் புழுதியோடு வரும். எப்படி வந்தாலும் மேற்கேயிருந்துதான். அதனால் இந்த ஊரில் யார் தகரச் செட்டுப் போட்டாலும் மேற்குப் பக்கம் ஓட்டை இல்லாமல் அடைத்துவிட்டுக் கிழக்கே வாசலைத் தாராளமாக விடுவார்கள். இதற்கு எவனும் காலேஜுக்குப் போகத் தேவையில்லை. காற்று வருகிற பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான்.

தவசிமுத்துவும் அப்படியே செட்டுப் போட்டுப் பிழைத்தவர். ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டோரம் அவருடைய வெல்டிங் பட்டறை. பட்டறைக்குப் பின்னால் வீடு. பஞ்சு குடோன், பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம், கூமாப்பட்டியில் தேங்காய்க் களம் என்று அவர் போட்ட கூரைகள் சுற்றுவட்டாரத்தில் நிறைய நிற்கின்றன. ஒன்றும் பறந்ததாகப் பேச்சில்லை. வேலை சுத்தம். ஆனால் மனுசன் யாரையும் நம்பமாட்டார். கடையில் எடை போட்டு வாங்கிய பைப்பைப் பட்டறைக்குக் கொண்டுவந்து தன் தராசில் இன்னொரு தடவை நிறுத்துப் பார்ப்பார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை வேறொரு மருந்துக் கடையில் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் விழுங்குவார். வானிலை அறிக்கை சொல்கிறவர்களைப் பற்றி அவர் பேசுவதை இங்கே எழுத முடியாது.

அவருக்கு ஒரே மகள் பியூலா. வேம்பாருக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஊரில் ஜெபினுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். ஜெபின் உப்பளத்தில் மோட்டார் பார்க்கிறவன். அவனுடைய அப்பா சாம்சனும் உப்பளத்திலேயே காய்ந்து கறுத்த மனுசன். போன கார்த்திகையில் வந்த புயலில் அவர்கள் வீட்டுக் கூரை போய்விட்டது. சுவர் நின்றது, ஆட்கள் தப்பித்தார்கள். பியூலா கைப்பிள்ளையோடு சர்ச்சில் கொஞ்ச நாள் ஒண்டியிருந்துவிட்டு அப்பா வீட்டுக்கு வந்தாள். வந்தவளைத் தவசிமுத்து திரும்ப விடவில்லை.

"நான் கூரை போட்டுத் தாரேன். சீரா வச்சிக்கிடட்டும். எங் கூரைக்குக் கீழதான் எம்மவ போவா" என்று சொல்லிவிட்டார்.

ஜெபின் சனிக்கிழமை பஸ் ஏறி வருவான், திங்கட்கிழமை விடியப் போவான். அவன் போகும்போது பிள்ளை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழும். பியூலா பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவாள். பிரித்துவிட்டு அடுப்படிக்குள் போனால் செத்த நேரம் வெளியே வரமாட்டாள். தவசிமுத்து பட்டறையில் நின்று இதையெல்லாம் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கும் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் ஒரு பைப்பை எடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், ஒரு வெல்டு வைத்தால் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். தையும் மாசியும் போய்ச் சித்திரையும் வந்துவிட்டது.

"கூரை போடுதீயளா, கோட்டை கட்டுதீயளா?" என்று கேட்டாள் அவர் பெண்டாட்டி செல்லக்கனி.

"உப்புக் காத்து. ரெண்டு கோட்டு பெயிண்டு அடிச்சா மூணு வருசத்துல தின்னுரும். சும்மா இரு."

"கூரைக்குத் துரு பிடிக்கதுக்கு முந்தி எம்மவளுக்குப் பிடிச்சிரும் போல."

அவர் பெயிண்டு டப்பாவைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார்.

ஆனி கடைசியில் கூரை எழும்பியது. பட்டறை முன்னால் இருந்த காலி இடத்திலேயே தூண் நட்டு முழுசாகக் கோத்து நிறுத்தினார். அங்கே ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, கழற்றி லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் மாட்டுவது அவர் முறை. வீட்டின் மேல் வருகிற கூரையும் முன்னால் வருகிற வராண்டாவும் சேர்ந்து ஒரே சரிவு. உச்சியிலிருந்து வராண்டா விளிம்பு வரைக்கும் தகரம் ஒட்டே இல்லாமல் ஒரே நீளமாக இறங்கியது. ஒட்டு இருந்தால் சாரலுக்கு ஒழுகும். ஒழுகுகிற கூரை போட்டான் என்ற பேச்சை மட்டும் அவரால் தாங்க முடியாது. அந்த நீளத்துக்குத் தகரம் வேண்டும் என்று தனியாகச் சொல்லி அடித்து வாங்கியிருந்தார். ரோட்டில் போகிறவன் வருகிறவன் பார்க்கட்டும் என்று வராண்டாவை ரோட்டைப் பார்க்க, மேற்கே பார்க்க நிறுத்தினார். பின்பக்கம் காலை வெயில் வேலையாட்கள் முதுகில் அடிக்கிறது என்று ஒரு பெரிய படுதாவை இழுத்துக் கட்டினார்.

பக்கத்தில் லேத்து பட்டறை வைத்திருக்கிற ஹரிகிருஷ்ணன் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற ராஜுக்கள் இனத்துக்காரர் அவர்.

"ஏமி தவசி, மகளுக்கு வீடா, இல்ல முனிசிபாலிட்டிக்கு பஸ் ஸ்டாண்டா?"

"பொறாம வேய் உமக்கு."

"பொறாமதான். என் மாமனார் எனக்கு ஒரு குடை வாங்கிக் குடுத்தாரு. அதுவும் கம்பி போனது."

சர்ச்சிலிருந்து ஐயர் வந்தார். அந்தப் பக்கம் கிறிஸ்தவர்கள் பாஸ்டரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். கூரைக்குக் கீழே நின்று ஜெபம் பண்ணினார். தெரு ஆட்களுக்கெல்லாம் செல்லக்கனி பாயசம் கொடுத்தாள். பியூலா மட்டும் வராண்டா விளிம்பை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். அப்பா முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அப்படிச் சிரித்து அவள் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. வாயைத் திறக்காமல் தம்ளர் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெபினோடு சாம்சன் வந்தார். ஒரு சாக்கில் கருவாடு, ஒரு சாக்கில் உப்பு.

"உப்பு எதுக்கு அண்ணே இம்புட்டு? ஊறுகா போட்டாலும் ஆயுசுக்கும் தீராது" என்றாள் செல்லக்கனி.

"எங்ககிட்ட வேற என்ன மைனி இருக்கு" என்று சிரித்தார் சாம்சன்.

தவசிமுத்து அவரைக் கையைப் பிடித்துக் கூரைக்குக் கூட்டிப்போனார்.

"எப்படி இருக்கு சம்மந்தி?"

"நல்லாருக்கு சம்மந்தி. ராடெல்லாம் கனமா இருக்கு."

"செவத்து மேல கான்கிரீட் பெல்ட்டு ஓடும்லா, அதுக்குள்ள இருந்து கம்பியக் கொண்டாந்து கூரையோட சேத்து வெல்டு வச்சிருவேன். அஸ்திவாரத்தப் பிடுங்குனாத்தான் கூரையப் பிடுங்க முடியும்."

"உம்" என்றார் சாம்சன்.

அப்புறம் வராண்டாவுக்குக் கீழே வந்தார். அண்ணாந்து பார்த்தார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்தார். திரும்ப நடந்தார். சுவர் வருகிற இடத்தில் நின்று விளிம்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தார். தலையை லேசாக ஆட்டிக்கொண்டார். சீர் கொடுக்கிற வீட்டில் நின்று சீரில் குறை சொல்வது அவர்கள் வழக்கத்தில் கிடையாது. நிறம் பிடிக்காத சேலையைக்கூட நல்லாருக்கு என்று வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள். சாம்சன் சாப்பிட வந்தார். ஆட்டுக்கறிக் குழம்பு. ரெண்டாவது சோறு வேண்டாம் என்று கையை மறித்தார்.

அவர்கள் போனதும் தவசிமுத்து ஆரம்பித்தார்.

"அவன் மூஞ்சியப் பாத்தியா?"

"அவன் இவங்காதீய. சம்மந்தி."

"வராண்டாவ நடந்து நடந்து அளக்கான். பத்தலைங்கான். வாயத் தொறந்து கேக்க கவுரவம் இடிக்கி."

"அவிய ஒண்ணும் கேக்கலியே."

"கேக்கவன விட்டுரலாம். கேக்காதவனத்தான் பாத்துக்கிடணும். நாளைக்கு எம்மவளக் குத்திக் காட்டுவானுவ, ஒங்கப்பன் போட்ட வராண்டாவுல ஒரு கட்டில் போட இடமில்லன்னு."

பியூலா அடுப்படி வாசலில் நின்று, "அப்பா, அவிய அதுக்குப் பாக்கல" என்றாள்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது தாயி. நீ பிள்ளையப் பாரு."

அந்த வாரமே தூண்களைப் பிடுங்கி முன்னால் தள்ளி நட்டார். வராண்டா இன்னும் ஒரு கட்டில் அகலம் கூடியது. இருந்த தகரம் எட்டவில்லை. ஒட்டுப் போட்டால் முடிந்திருக்கும். "ஒட்டுப் போட்டா நான் தவசிமுத்து இல்ல" என்று எல்லாத் தகரத்தையும் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு, அதைவிட நீளமாகப் புதுசு அடித்து வாங்கி மாட்டினார். இப்போது கூரையில் பாதிக்குப் பாதி வராண்டாவாக இருந்தது. ஹரிகிருஷ்ணன் வந்து பார்த்து, "பஸ் ஸ்டாண்டு இல்ல, ஜங்ஷன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடி முதல் சனிக்கிழமை மத்தியானம் லாரி வந்தது. சாம்சனும் ஜெபினும் லாரியிலேயே வந்து இறங்கினார்கள். அன்றைக்கு மலைக் காற்று காலையிலிருந்தே அடித்துக்கொண்டிருந்தது. ரோட்டில் போகிற பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு போனார்கள். சாம்சன் வராண்டாவைப் பார்த்தார். அங்கே கிடந்த சிமெண்டு மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்பம் திருப்தியா சம்மந்தி?" என்றார் தவசிமுத்து.

சாம்சன் தோள்துண்டால் முகத்தைத் துடைத்தார். "நல்லாருக்கு சம்மந்தி" என்றார்.

"மாமா" என்றாள் பியூலா. "நீங்க சொல்லலன்னா நான் சொல்லிருவேன்."

"நீ சும்மா இரு தாயி" என்றார் சாம்சன்.

"என்ன சொல்லப் போற?" என்றார் தவசிமுத்து.

"அப்பா, இந்த வராண்டாவ அறுத்துருங்க."

தவசிமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. கேட்டது சரிதானா என்பது போல அவளையே பார்த்தார்.

"எங்க வீட்டுக் கூரை எப்படிப் போச்சுன்னு நீங்க ஒரு நாளும் கேக்கல. காத்துல போச்சுன்னேன். காத்துலதான் போச்சு. ஆனா மேல இருந்து அடிச்சுப் போகலப்பா. கீழ இருந்து போச்சு. எங்க வீட்டுலயும் இப்பிடித்தான், கூரையும் வராண்டாவும் ஒண்ணா இருந்துச்சு. காத்து கடல்ல இருந்து வந்து வராண்டாவுக்குக் கீழ பூந்துச்சு. பொறவு கதவு பிச்சிக்கிட்டு உள்ள வந்துச்சு. உள்ள வந்த காத்துக்கு வெளிய போக வழியில்ல. தகரம் எண்ணெச் சட்டியில பூரி உப்புத மாதிரி உப்புச்சு. நான் பிள்ளையோட கட்டிலுக்கு அடியில கெடந்து பாத்துக்கிட்டே இருந்தேன். மொதல்ல வராண்டா எந்திரிச்சுச்சு. அதுதான் மத்ததையும் கூட்டிக்கிட்டுப் போச்சு."

"அதுக்கு நீங்க போட்ட கூரையில பலமில்ல" என்றார் தவசிமுத்து.

"பக்கத்து வீட்டுல நம்மளவிட மோசமான கம்பிதான். அவிய வராண்டாவ ஓலையில தனியாக் கட்டியிருந்தாவ. ஓலை போச்சு. கூரை அப்பிடியே நிக்கி. பொறவு ஒரு எஞ்சினியரம்மா வந்து ஊரெல்லாம் பாத்துட்டு இதத்தான் சொன்னாவ. வராண்டாவத் தனியாப் போடுங்க, போறது போகட்டும், வீடு நிக்கும்னு."

"எஞ்சினியரம்மா சொல்லுவா. அவ வீட்டுக்கா கூரை போடுதா? நான் இன்னும் நாலு தூண் போடுதேன். தூணுக்கு கான்கிரீட் போடுதேன். எந்தக் காத்து தூக்குதுன்னு பாத்துருவோம்."

அப்போதுதான் சாம்சன் எழுந்தார்.

"சம்மந்தி, நீங்க போட்ட கூரை தனியாப் போகாது. எனக்குத் தெரியும். நீங்கதான் பெல்ட்டோட சேத்து வெல்டு வைக்கீயளே. அது செவத்தப் பேத்துக்கிட்டுல்லா போகும்."

லாரி டிரைவர் பீடியைக் காலில் போட்டு நசுக்கினான். செல்லக்கனி பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"இத அன்னைக்கே சொன்னா என்னவாம்?" என்றார் தவசிமுத்து.

"சீரு சம்மந்தி. நான் எப்படி வாயத் தொறந்து..."

"சீரு. எம்மவ மேல செவரு விழும்போது சீரா வந்து தாங்கும்? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீரு?"

"அப்பா" என்றாள் பியூலா.

"நீயும்தாம்ட்டி. தம்ளர் கழுவப் போனேல்லா நீ, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா."

சொல்லிவிட்டு அவர் வராண்டாவுக்குக் கீழே போய் நின்றார். பேச்சை நம்புகிற ஆள் அவர் இல்லை. மகள் பேச்சாக இருந்தாலும் கையால் தொட்டுப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளமாட்டார். விளிம்பில் ஓடுகிற பைப்பை இரண்டு கையாலும் எட்டிப் பிடித்தார். காற்று கொஞ்சம் ஓய்ந்திருந்தது.

"எங்க, தூக்கலியே" என்றார்.

"செத்த பொறுங்க மாமா" என்றான் ஜெபின்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. காற்று நேராக வராண்டா வாய்க்குள் வந்தது. பின்னால் கட்டியிருந்த படுதா வயிறு மாதிரி புடைத்து நின்றது, காற்றை வெளியே விடவில்லை. தலைக்கு மேலே தகரம் முழுசும் ஒரு தடவை படபடத்தது. தவசிமுத்துவின் குதிகால் தரையைவிட்டு எழும்பியது. அவர் கையை விடவில்லை. முழு உடம்பையும் தொங்கப் போட்டு இழுத்தார். கூரை அவரை மதிக்கவில்லை.

"ஏய், பிடி, பிடி" என்றார்.

சாம்சன் ஓடிவந்து பக்கத்தில் தொங்கினார். வேட்டி அவிழ்ந்துகொண்டது, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் கூரையைப் பிடித்தார். ஜெபினும் தொங்கினான். லேத்து பட்டறை வாசலிலிருந்து ஹரிகிருஷ்ணன் ஓடிவந்து படுதாக் கயிற்றை அரிவாளால் அறுத்துவிட்டார். படுதா விடுபட்டுப் பின்பக்கம் பறந்தது. உள்ளே இருந்த காற்று வெளியே போனது. கூரை கீழே இறங்கி உட்கார்ந்தது. மூன்று பேரும் பைப்பை விடாமல் தொங்கிக்கொண்டே இருந்தார்கள்.

"விடுங்கய்யா, எறங்கியாச்சு" என்றார் ஹரிகிருஷ்ணன். "வயசான காலத்துல வவ்வால் மாதிரி."

செல்லக்கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பியூலா வாயைப் பொத்திக்கொண்டாள். தவசிமுத்து கையை விட்டு இறங்கி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பெயிண்டு ஒட்டியிருந்தது.

"மலைக் காத்துக்கே இந்தப் பாடு" என்றார். "அங்க வருத காத்து?"

"அது இந்தப் பக்கம்னு இல்ல சம்மந்தி. மொதல்ல வடக்க இருந்து அடிக்கும். செத்த நேரம் இலை அசையாது. முடிஞ்சுதுன்னு வெளிய வருவோம். பொறவு தெக்க இருந்து அடிக்கும். எந்தப் பக்கம் முதுகக் காட்டி உக்காருவீய?"

தவசிமுத்து கட்டிங் மிஷினை எடுத்து வயரைச் செருகினார். செல்லக்கனி குறுக்கே வந்தாள்.

"ஐயர் ஜெபம் பண்ணுன கூரை. அதுல மிஷின வைக்கப் போறீயளா? ஊரக் கூட்டிப் பாயசம் குடுத்திருக்கேன்."

"ஐயர் எதுக்கும்மா ஜெபம் பண்ணுனாரு? பறக்கக் கூடாதுன்னுதான?" என்றாள் பியூலா.

"ஆமா."

"அதத்தான் அப்பா செய்யப் போறாவ."

செல்லக்கனி கொஞ்சம் யோசித்தாள். "பாயசப் பாத்திரத்த இன்னும் ஐயர் வீட்டுல திருப்பிக் குடுக்கல" என்று சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டு விலகினாள்.

சுவர் வருகிற இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டார் தவசிமுத்து. ஏணியில் ஏறி, "சம்மந்தி, அந்தப் பக்கம் பிடியும்" என்றார். சாம்சன் தயங்கினார். பெண் வீட்டார் கொடுத்த சீரை மாப்பிள்ளை வீட்டார் கை வைத்து அறுப்பதா என்று அவருக்கு.

"பிடியும் ஓய். விழுந்தா என் காலுலதான் விழும், உம்ம கவுரவத்துல விழாது."

சாம்சன் பிடித்தார். மிஷின் தகரத்தில் இறங்கியதும் அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. பொறி பறந்து தவசிமுத்துவின் நெஞ்சு முடியில் விழுந்தது, அவர் தட்டிவிடவில்லை. ஒட்டில்லாத தகரம் ஒவ்வொன்றாக இரண்டாகிக்கொண்டு வந்தது. ஜெபின் அறுந்த துண்டுகளை வாங்கி அடுக்கினான். பியூலா பிள்ளையின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கடைசித் தகரம் அறுபடும்வரை அங்கேயே நின்றாள்.

அறுத்ததைவிட அதற்குப் பின்னால் வந்த வேலைதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. வராண்டா தனியாக, கூரையைவிட ஒரு முழம் தணிவாக நிற்க வேண்டும். அகலத்தையும் பாதியாகக் குறைத்தார். அதுவரைக்கும் சரி. ஆனால் சுவரோடு அதை மெலிசாக மாட்ட வேண்டும், பெரிய காற்று கேட்டால் வீட்டை இழுக்காமல் பிடியை விட்டுவிட வேண்டும் என்றார் சாம்சன். தவசிமுத்து உள்ளே போய் போல்ட்டு எடுத்து வந்தார். கட்டைவிரல் தண்டி இருந்தது.

"அப்பா, இது பாலத்துக்குப் போடுதது."

அவர் உள்ளே போய் வேறு எடுத்து வந்தார்.

"இதுவும் பெரிசு."

"இதவிடச் சின்னது போட்டா பிச்சிக்கிட்டுப் போயிரும்ட்டி."

"போகட்டும்னுதாம்பா சொல்லுதேன்."

அவர் போல்ட்டு டப்பாவைத் தரையில் கொட்டிக் குந்தி உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் விட்டுப்போகக் கூடாது என்று வேலை செய்த கை. விட்டுப்போகிற மாதிரி ஒன்றைப் பொறுக்க அந்தக் கைக்குத் தெரியவில்லை. எடுப்பார், திருகிப் பார்ப்பார், இது போயிரும் என்று போட்டுவிடுவார். பியூலா எதிரே உட்கார்ந்து அவர் கீழே போட்டதிலிருந்தெல்லாம் பொறுக்கித் தன் மடியில் சேர்த்துக்கொண்டாள். சேர்ந்ததும் ஒரு துணியில் முடிந்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதுல மாட்டுங்க."

அவர் முடிச்சைக் கையில் தூக்கிப் பார்த்தார். தராசில் போட்டுப் பார்க்கவில்லை.

வெயில் தாழ்வதற்குள் எல்லாவற்றையும் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். செல்லக்கனி காரச்சேவும் டீயும் கொடுத்தாள். சாம்சன் இந்தத் தடவை இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். பியூலாவின் பெட்டி, பிள்ளையின் தொட்டில் துணி, ஒரு மூட்டை அரிசி எல்லாம் ஏறியது. அவளும் பிள்ளையும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கூடவே ஏறிய ஜெபின் கையை நீட்டியதும் பிள்ளை தாவிப் போனது. இந்தத் தடவை யாரும் அதன் விரல்களைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

டிரைவர் கட்டிய கயிற்றை நம்பாமல் தவசிமுத்து லாரியின் மேலே ஏறித் தகரத்தின் மேலேயே உட்கார்ந்தார். அங்கே போய்க் கூரையை மாட்டப் போகிறவரும் அவர்தான். மேலே இருந்து குனிந்து கேபின் ஜன்னலைத் தட்டினார்.

"தாயி, இந்த வராண்டா என்னைக்கிருந்தாலும் போயிரும்லா?"

"போயிரும்பா."

"போச்சுன்னா போன் போடு. வேற செஞ்சு கொண்டாரேன்."

"வருசா வருசமுமா?"

"வருசா வருசமுந்தான்."

கீழே நின்ற செல்லக்கனி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"காத்தடிச்சாத்தான் மகளப் பாக்கப் போவீயளோ?"

தவசிமுத்து துண்டை எடுத்துத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"எடுப்பா வண்டிய" என்றார்.